மூணாவது வரிசைப் பாய்

எனக்குக் கோபம் வர்றதில்லை, கோபத்துக்குத்தான் அப்பப்போ நான் வர்றேன்னு என் மச்சான் கிண்டல் பண்ணுவார். நான் கொத்தனார். இருபத்தாறு வருஷமா சுவர் எழுப்பறேன். மூணாவது மாடியில நின்னு ஒரு வார்த்தை சொன்னேன்னா, கீழே கலவை போடறவன் கையில மண்வெட்டி அப்படியே நிக்கும். அந்தத் தொண்டையை வீட்டுக்கும் கொண்டு வந்தேன் பாருங்க, அதுதான் தப்பு. சோறு குழைஞ்சா கத்தல், சாவி இடம் மாறினா கத்தல். பத்தொன்பது வருஷம் கேட்டுக்கிட்டிருந்த என் வீட்டுக்காரி ஒரு நாள் காலையில ரெண்டு பையை எடுத்துக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. சண்டை போட்டுட்டுப் போயிருந்தாக்கூடப் பரவாயில்லை. என் சட்டையெல்லாம் மடிச்சு வெச்சு, அடுப்பைத் துடைச்சு, தண்ணி பிடிச்சு வெச்சுட்டுப் போயிருக்கா. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கோபத்துல போனவ திரும்பி வருவா, இவ யோசிச்சுப் போயிருக்கா.

நாலு மாசம் நடையா நடந்து கூட்டிட்டு வந்தேன். வந்தவ ஒரே ஒரு நிபந்தனை போட்டா. அவ அந்த நாலு மாசமும் தினம் போய் உட்கார்ந்த தியான சபைக்கு நானும் வரணும். அங்க என் குரல் உயரக்கூடாது. "ஒரு தடவை கத்தினீங்கன்னா அன்னிக்கே கிளம்பிடுவேன். ரெண்டாவது தடவைன்னு ஒண்ணு கிடையாது"ன்னா. அவ சொன்னா சொன்னதுதான்.

சபைன்னா பெரிசா ஒண்ணுமில்லை. பழைய கிடங்கு ஒண்ணுக்கு வெள்ளையடிச்சு வரிசையாப் பாய் விரிச்சிருந்தாங்க. காலையில அறுபது பேர் வருவோம், ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்காருவோம், எழுந்து அவங்கவங்க வேலையைப் பார்ப்போம். நடத்தினவங்களை எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிட்டோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில முப்பது வருஷம் வேலை பார்த்தவங்க. "ஊர்ப் பேச்சையெல்லாம் நான்தான் கோத்து விட்டேன், என் பங்குக்குப் பேசித் தீர்த்தாச்சு"ன்னு சிரிப்பாங்க. நல்ல மனுஷி. இப்பவும் அதைத்தான் சொல்வேன்.

அங்க ஒரு பழக்கம் இருந்துச்சு. செருப்பைக் கழற்றி விடற இடத்துலயே தொழிலையும் கழற்றி விட்டுடணும். வெளியில நீ யாரா இருந்தாலும் சரி, உள்ளே அந்த வேலையைச் செய்யக்கூடாது, அதைப் பத்திப் பேசவும் கூடாது. வெளியே அடங்கிப் போறவன் உள்ளே கொஞ்சம் முன்னால நிக்கணும், வெளியே அதிகாரம் பண்றவன் உள்ளே குனியணும். லாரி ஓட்டறவர் ஒருத்தர்தான் எல்லாருக்கும் புத்தகம் வாசிச்சுக் காட்டுவார். பெரிய வக்கீல் ஒருத்தர் தண்ணிக்குப் பொறுப்பு. ஐந்நூறு பிள்ளைங்களை ஒத்தைப் பார்வையில கப்சிப்னு ஆக்கின தலைமை ஆசிரியை ஒருத்தங்க, எங்க எல்லாருக்கும் டீச்சர், அவங்க கக்கூஸ் கழுவினாங்க. எனக்குச் செருப்பு அடுக்கற வேலையும், எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி கூடத்தைக் கூட்டற வேலையும்.

முதல் வாரம் எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. என் கையில துடைப்பமான்னு. அப்புறம் என்ன ஆச்சோ, அது பிடிச்சுப் போச்சு. யாரோ ஒருத்தர் செருப்பை ஏனோதானோன்னு விட்டுட்டுப் போவார், நான் குனிஞ்சு ஜோடி சேர்த்து வைப்பேன், வாயே திறக்க மாட்டேன். ஆறு மாசம் குரல் உயரலை. வீட்டுலயும் உயரலை. என் வீட்டுக்காரி சாப்பிடும்போது என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா. கல்யாணமான புதுசுல பார்த்த சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக நான் ஊர்ச் செருப்பையெல்லாம் அடுக்குவேன்.

அப்போதான் வக்கீல் மொட்டை மாடியில புதுசா ஒரு தண்ணித் தொட்டி வெச்சார். தண்ணி பத்தலைன்னு டீச்சர் சொன்னாங்களாம், உடனே வாங்கிட்டு வந்து ஆள் வெச்சு ஏத்திட்டார். ரெண்டாயிரம் லிட்டர். எங்க வெச்சிருக்கார்னு போய்ப் பார்த்தேன். நல்லா நட்ட நடுத் தளத்துல, கீழே பீம் இல்லாத இடமாப் பார்த்து. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. எப்படிக் கேட்பார்? நான் செருப்புக்காரன்.

நாலு நாள் கழிச்சு, காலையில கூட்டும்போது மூணாவது வரிசையில ஒரு பாய் மேல வெள்ளையாப் பொடி கிடந்துச்சு. சிட்டிகை அளவுதான். நிமிர்ந்து பார்த்தேன். தளத்துல, தொட்டிக்கு நேர் கீழே, மயிரிழை மாதிரி ஒரு விரிசல், ஒண்ணரை அடி இருக்கும். வேற யாராவது பார்த்திருந்தா வெள்ளை காய்ஞ்சு வெடிச்சிருக்குன்னு போயிருப்பாங்க. நான் ஸ்டூல் போட்டு ஏறி, விரிசல் முடியற இடத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டேன். துடைப்பக் கட்டையால தட்டினேன். சுத்தி இருக்கிற இடமெல்லாம் கெட்டியாக் கேட்டுச்சு, அந்த இடம் மட்டும் பொத்துப் பொத்துன்னு. உள்ளே கம்பி துருப்பிடிச்சு ஊதியிருக்குன்னு அர்த்தம். இறங்கினேன். பொடியைக் கூட்டி அள்ளினேன். அது என் வேலையாச்சே.

ரெண்டாவது நாள் விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டியிருந்துச்சு.

சொல்லலைன்னு இல்லை, சொன்னேன். வக்கீல் குழாய்கிட்ட நிக்கும்போது பக்கத்துல போய், என் தொண்டையை அமுக்கி அமுக்கி, "ஐயா, அந்தத் தொட்டியைக் கொஞ்சம் ஓரமா வெச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்"னேன். அவர் என் தோள்ல கை போட்டார். "அண்ணே, செருப்பை மட்டும் கழற்றி விட்டுட்டு மிச்சத்தை உள்ளே போட்டுக்கிட்டு வந்துட்டீங்க போலிருக்கே"ன்னார். சுத்தி இருந்த நாலு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேலை நடக்கிற இடத்துல ஒருத்தன் இப்படிச் சொல்லியிருந்தா பூச்சுக் கரண்டி பறந்திருக்கும். அன்னிக்கு எனக்குக் கோபமே வரலை. வீட்டுக்குப் போற வழியெல்லாம் ஒரே சந்தோஷம், அடேயப்பா நான் எவ்வளவு அடங்கிட்டேன்னு. இதை நினைச்சாத்தான் இன்னிக்கும் என் கன்னத்துல நானே அறைஞ்சுக்கலாம் போல இருக்கு.

அக்காகிட்டப் போயிருக்கலாம். போகலை. போனா வக்கீல் வருவார், அப்படியெல்லாம் இல்லைம்பார், நான் ஆமாம்பேன், அவர் சட்டம் பேசுவார், என் தொண்டை திறந்துக்கும். எனக்கு என்னைத் தெரியும். திறந்தா நிக்காது. என் வீட்டுக்காரி ரெண்டு பையை எடுத்துடுவா. அதனால ஒவ்வொரு நாளும் எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கிட்டேன். அந்தக் காலத்துக் கட்டடம், லேசுல விழாது. நான் யாரு இங்க, தீர்ப்புச் சொல்ல. இதுவும் தலைக்கனம்தானே, எனக்குத்தான் எல்லாம் தெரியும்ங்கிற தலைக்கனம். இப்படியே ஓட்டினேன்.

அஞ்சாவது நாள் பொடி கைப்பிடி அளவு இருந்துச்சு. அன்னிக்கு ஒரு காரியம் செஞ்சேன். மூணாவது வரிசையில அந்தப் பாய் இருக்கே, அது என் வீட்டுக்காரியோட பாய். தினமும் அங்கதான் உட்காருவா. அதைச் சுருட்டி எடுத்துக்கிட்டுப் போய், வாசல் பக்கத்துச் சுவரோரமா, பீமுக்கு நேர் கீழே விரிச்சேன். ஏங்க மாத்தினீங்கன்னு கேட்டா. "இங்க காத்து வரும்"னேன். அவ சந்தோஷமா உட்கார்ந்தா. மூணாவது வரிசையில அந்த இடம் காலியா இருக்கவும், பின்னாடி இருந்த டீச்சர் முன்னாடி நகர்ந்து வந்து உட்கார்ந்தாங்க. நான் பார்த்தேன். டீச்சர் புடவையைச் சரி பண்ணி, காலை மடக்கி, கண்ணை மூடறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். எழுந்து போய், டீச்சர் அங்க வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஏன்னு கேட்பாங்களே.

அதுக்கப்புறம் நாலு நாள் நான் தியானமே பண்ணலை. கண்ணை மூடற மாதிரி மூடிக்கிட்டு மேலேயே பார்த்துக்கிட்டிருந்தேன்.

ஒன்பதாவது நாள். லாரிக்காரர் வாசிச்சு முடிச்சு, எல்லாரும் கண்ணை மூடி அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். மேலே டிக்னு ஒரு சத்தம். நகத்தைச் சுண்டின மாதிரி சின்னச் சத்தம்தான். கம்பி காரையை விட்டு விலகற சத்தம் அது, இருபத்தாறு வருஷத்துல மூணே தடவை கேட்டிருக்கேன். மூணு தடவையும் ஆளுங்க ஓடினாங்க.

எப்போ எழுந்தேன்னு தெரியலை. "எழுந்திரிங்க, எல்லாரும் வெளியே போங்க, ஒண்ணையும் எடுக்காதீங்க, ஓடுங்க"ன்னு என் முழுத் தொண்டையில கத்தினேன். ஆறு மாசம் அடைச்சு வெச்சிருந்த தொண்டை. கூடமே அதிர்ந்துச்சு. ஒருத்தரும் ஏன்னு கேட்கலை, விழுந்தடிச்சு ஓடினாங்க. என் வீட்டுக்காரி வாசல்கிட்ட இருந்ததால முதல்ல வெளியே போனவ அவதான். அக்காவை வக்கீல் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனார்.

டீச்சர் மட்டும் அசையலை. மூணாவது வரிசையில, கண்ணை மூடி, நிம்மதியா உட்கார்ந்திருந்தாங்க. அப்போதான் பார்த்தேன், அவங்க மடியில காது மிஷின் கிடந்துச்சு. உட்காரும்போது அதைக் கழற்றி வெச்சுடுவாங்களாம், சத்தமில்லாம இருக்கும்னு. எனக்கு அது தெரியாது. நான் கத்தின கத்தல்ல ஒரு வார்த்தை அவங்களுக்குப் போய்ச் சேரலை.

ஓடினேன். அக்குள்ல கையைக் கொடுத்து இழுத்தேன். ரெண்டடி நகர்த்தியிருப்பேன், மேலேருந்து பெயர்ந்து விழுந்துச்சு. பூச்சு மட்டும் இல்லை, கான்கிரீட்டும் பாளம் பாளமா. என் முதுகுல ஒண்ணு, அவங்க வலது தோள்ல ஒண்ணு, இடுப்புக்குக் கீழே ஒண்ணு. தூசி அடங்கறதுக்குள்ள அவங்களைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்துட்டேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாங்க. என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்குப் புரியவே இல்லை.

வெளியே எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நின்னாங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு டீச்சரை மரத்தடியில படுக்க வெச்சோம். அப்புறம் ஒவ்வொருத்தரா என்னைச் சுத்திக்கிட்டாங்க. நீங்க மட்டும் கத்தலைன்னா எங்க கதி என்னன்னு லாரிக்காரர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். நான் கையை உருவிக்கிட்டேன்.

அக்கா என் எதிர்ல வந்து நின்னாங்க. அந்த ஆறு மாசத்துல முதல் தடவையா என்னைத் தொழில் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. "கொத்தனாரே, எனக்குத் தெரியும். மூணு நாளா அங்கேருந்து பொடி விழுந்துக்கிட்டிருந்துச்சு. நான் உட்கார்ற இடத்துலேருந்து கண்ணைத் திறந்தா அது தெரியும்"னாங்க.

"தெரியுமாக்கா? அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீங்க தினம் அந்த இடத்தையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. ஒண்ணும் சொல்லலை. கொத்தனாரே பார்த்துட்டுப் பேசாம இருக்கார், பயப்பட ஒண்ணுமில்லைன்னு நினைச்சேன். எனக்கு என்ன தெரியும் கட்டடத்தைப் பத்தி? நான் வாயைத் திறந்து உங்க வேலையில தலையிடக்கூடாதுன்னு இருந்தேன்."

வக்கீல் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "எனக்கும் அப்படித்தான் அண்ணே. ஒரு தடவை சொன்னீங்க, அப்புறம் சொல்லலை. பெரிய விஷயமா இருந்தா மறுபடியும் சொல்லியிருப்பீங்களேன்னு விட்டுட்டேன்"னார். இன்னும் ரெண்டு மூணு பேர் ஆமா ஆமான்னாங்க. அவங்களும் பார்த்திருக்காங்க.

நான் வாயைக் கட்டிக்கிட்டு ஒதுங்கி நின்னேன்னு நினைச்சேன். ஒதுங்கவே இல்லை. நான் பேசாம இருந்த ஒவ்வொரு நாளும் இந்தக் கட்டடம் நல்லா இருக்குன்னு அறுபது பேருக்கும் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்.

அப்போ என் வீட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்தா. ஏன் கத்தினீங்கன்னு கேட்கப் போறான்னு நினைச்சேன். அவ உள்ளே எட்டி, மூணாவது வரிசையைப் பார்த்தா. கான்கிரீட் குவிஞ்சு கிடக்கிற இடத்தைப் பார்த்தா. அப்புறம் சுவரோரமா இருந்த தன் பாயைப் பார்த்தா.

"காத்து வரும்னீங்க"ன்னா.

நான் சட்டையில இருந்த தூசியைத் தட்டினேன்.

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

மெதுவாத்தான் சொன்னா. யாருக்கும் கேட்டிருக்காது. அந்தத் தளம் என் மேல விழுந்திருக்கலாம்னு அப்போ நினைச்சேன், பொய் சொல்லலை. ஆம்புலன்ஸ் வந்துச்சு. நான் ஏறிக்கிட்டேன். அவளும் ஏறினா, என் முகத்தைப் பார்க்காம டீச்சர் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா.

ஆஸ்பத்திரியில தோள்பட்டை எலும்பும் இடது தொடை எலும்பும் உடைஞ்சிருக்குன்னாங்க. உயிருக்குப் பயமில்லை. பழையபடி நடப்பாங்களான்னு இப்போ சொல்ல முடியாதுன்னாங்க. மத்தியானம் கட்டுப் போட்டு வார்டுக்குக் கொண்டு வந்தப்புறம் எங்களை உள்ளே விட்டாங்க. எட்டுக் கட்டில், எட்டுலயும் ஆள், ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் சொந்தக்காரங்க. நான் கட்டில் பக்கத்துல நின்னேன். எப்படியாவது சொல்லிடணும். இன்னிக்குச் சொல்லலைன்னா வேற ஒரு காரணம் கண்டுபிடிச்சுடுவேன், எனக்கு அது கைவந்த கலை ஆயிடுச்சு.

"டீச்சர், எனக்கு முன்னாடியே தெரியும்"னேன். மெதுவாத்தான் சொன்னேன்.

டீச்சர் உதட்டைப் பார்த்தாங்க. தலையை ஆட்டினாங்க. காதைத் தொட்டுக் காட்டினாங்க. மிஷின் அங்க கான்கிரீட்டுக்கு அடியில கிடக்குது.

மறுபடியும் சொன்னேன், கொஞ்சம் கூட்டி. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். டீச்சருக்கு இன்னும் கேட்கலை. நான் நிறுத்திட்டேன். என் வீட்டுக்காரி கட்டில் கால் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. காலையிலேருந்து முதல் தடவையா என்னை நேரா நிமிர்ந்து பார்த்தா.

"அவங்களுக்குக் கேட்கலை. கத்திச் சொல்லுங்க"ன்னா.

கத்தினேன். அவங்க காதுகிட்டக் குனிஞ்சு, மூணாவது மாடியிலேருந்து கத்தற மாதிரி கத்தினேன். ஒன்பது நாளா எனக்குத் தெரியும் டீச்சர், விரிசலைப் பார்த்தேன், பென்சில்ல கோடு போட்டேன், பொடியைக் கூட்டி அள்ளினேன், என் பொண்டாட்டி பாயை மட்டும் எடுத்து ஓரமாப் போட்டேன், நீங்க அந்த இடத்துல வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன், பார்த்துட்டுப் பேசாம இருந்தேன். நர்ஸ் ஒருத்தங்க கையில ஊசியோட வாசல்லயே நின்னுட்டாங்க.

டீச்சருக்குக் கேட்டுச்சு. முகத்துல ஒண்ணும் மாறலை. ஐந்நூறு பிள்ளைங்களைப் பார்த்த அந்தப் பார்வையில என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. திட்டுவாங்க, திட்டினா நல்லா இருக்கும்னு காத்துக்கிட்டிருந்தேன். மன்னிச்சேன்னு சொன்னாக்கூட அழுது தீர்த்திருப்பேன்.

"தொட்டியை இறக்கியாச்சா?"ன்னு கேட்டாங்க.

இறக்கலை. தளத்தோட அடிப்பாதி கீழே விழுந்துடுச்சு, மேல்பாதி துருப்பிடிச்ச கம்பியில தொங்குது, அது மேல ரெண்டாயிரம் லிட்டர் தண்ணி அப்படியே நிக்குது. அங்க அறுபது பேர் செருப்பையும் பையையும் தேடிக்கிட்டு உள்ளே வெளியே நடந்துக்கிட்டிருப்பாங்க. அந்தக் கூட்டத்துல இதெல்லாம் தெரிஞ்ச ஒரே ஆள் நான். நான் என் பாவத்தைத் தூக்கிக்கிட்டு ஆம்புலன்ஸ்ல ஏறி வந்துட்டேன்.

"இல்லை டீச்சர்"னு தலையை ஆட்டினேன்.

"அப்போ இங்க நின்னு என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க?"

திரும்பினேன். என் வீட்டுக்காரி அதுக்குள்ள போன் போட்டுக் காதுல வெச்சிருந்தா. என்கிட்ட நீட்டினா. "வக்கீல். பேசுங்க."

"நான் கொத்தனார் பேசறேன்"னேன். "முதல்ல எல்லாரையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லுங்க. உள்ளே ஒருத்தரும் போகக்கூடாது, அக்காவா இருந்தாலும் சரி. மாடிக்கு ஏறாதீங்க. வெளிச்சுவர்ல தொட்டியிலேருந்து இறங்கற குழாய் இருக்கு பாருங்க, அதோட அடி மூடியைக் கழற்றி விடுங்க, தண்ணி தெருவோட போகட்டும். நான் தளத்தைத் தாங்க முட்டுக் கம்பும் ஆளும் கூட்டிட்டு வர்றேன். நான் வந்து சொல்ற வரைக்கும் ஒருத்தரும் படி மிதிக்கக்கூடாது."

"அக்கா உள்ளேதான் இருக்காங்க அண்ணே. டீச்சரோட காது மிஷினைத் தேடிக்கிட்டிருக்காங்க"ன்னார் வக்கீல்.

"இழுத்துட்டு வாங்க"ன்னேன்.

போனைக் காதுலயே வெச்சிருந்தேன். செருப்புச் சத்தம் ஓடிச்சு, யாரோ கூப்பிட்டாங்க, அக்கா ஏதோ வேண்டாம்னாங்க, வக்கீல் அதட்டினார். கடைசியில மூச்சு வாங்க, "வந்துட்டாங்க அண்ணே, ரோட்டுல நிக்கறோம்"னார். குழாய் மூடி கழண்டு தண்ணி கொட்டற சத்தம் எனக்கு இங்க கேட்டுச்சு.

போனை வீட்டுக்காரிகிட்டக் கொடுத்தேன். அவ வாங்கி முந்தானையில துடைச்சுப் பைக்குள்ள போட்டா.

"இவ்வளவுதானேங்க"ன்னா. "இதை அன்னிக்கே இப்படிச் சொல்லியிருந்தா நான் எதுக்குப் பையைத் தூக்கப் போறேன்?"

டீச்சர் தலைமாட்டுல இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துட்டா. நான் முட்டுக் கம்புக்கு ஆள் பிடிக்கப் போனேன்.